சொட்டை விழுந்த முற்றம்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் புல் நின்றால் ஊர் அதற்கு மூன்று காரணம் சொல்லும். வீட்டில் ஆள் இல்லை. அல்லது இருக்கிற ஆளுக்கு ஏலாது. அல்லது மனிசி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல சுகத்தோடு இருக்கிற ஒரு மனிசன், மனிசியும் பக்கத்திலேயே இருக்க, தண்ணீர் ஊற்றி எருப் போட்டுப் புல்லை வளர்க்கிறான் என்று யோசிக்க எங்கள் ஊருக்கு வழியே இருக்கவில்லை. அந்த வழியை நான்தான் திறந்துவைத்தேன். அச்சுவேலிப் பக்கத்தில், பஸ்ஸில் போகிறவர்களும் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் நானும் மனைவியும்தான். ஒரே மகள் லண்டனில். கலியாணம் முடித்துப் போனபிறகு அவள் ஒரு தடவைதான் வந்தாள். அதுவும் யாழ்ப்பாண ரவுனில் ஒரு ஹோட்டலில் இரண்டு கிழமை தங்கி, தினமும் காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பிப் போனாள். கல்விக் கந்தோரில் இருந்து பரிசோதகர்களும் இப்படித்தான் வந்து போவார்கள். மனைவி அவளுக்கென்று விரித்துவைத்த கட்டில் இரண்டு கிழமையும் மடிப்புக் குலையாமல் கிடந்தது. மகள் போனபிறகு அந்த விரிப்பை மனைவி தோய்க்கவில்லை. அழுக்காகாத விரிப்பை என்னத்துக்குத் தோய்ப்பது என்று கேட்டாள்.

இந்த முறை ஆவணியில் பிள்ளையோடு வருகிறேன் என்று மகள் ஆங்கிலப் புதுவருசத்தன்று சொன்னாள். பேத்தியை நாங்கள் அதுவரை டெலிபோனுக்குள்தான் பார்த்திருந்தோம். மனைவிக்கு அன்றிலிருந்து ஒரே ஒரு ஆசை. பிள்ளை அந்தக் கட்டிலில் படுத்து எழும்ப வேண்டும். ஒரு இரவென்றாலும் போதும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை, கடவுளிடமும் சரி, என்னிடமும் சரி.

மகள்தான் கேட்டாள்.

"அம்மா, உங்கடை முத்தம் முழுக்கக் கல்லும் மண்ணும். இவளுக்கு அப்ப எழும்பி நிக்கப் பழகுற வயசு. விழுந்தால் முழங்கால் உரிஞ்சிடும். இஞ்சை எண்டால் புல்லிலை விடலாம். நாங்கள் ரவுனிலை புல்லுள்ள ஹோட்டலாப் பாத்து நிண்டுகொண்டு, பகலிலை வாறமே?"

டெலிபோனைப் பிடித்திருந்த மனைவியின் கை கொஞ்சம் கீழே இறங்கியது. வீடியோவில் மகளுக்கு எங்கள் கூரை மட்டும் தெரிந்திருக்கும்.

"புல்லுத்தானே பிள்ளை? போட்டால் போச்சு," என்றேன் நான்.

இப்படி வாயை விட்டதற்குக் காரணம் உண்டு. பேத்தி பிறக்க முதல் லண்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் நின்றபோது பின்வளவில் ஒரு புல்தரை இருந்தது. மூன்று பாய் விரிக்கலாம், நாலாவது பாய்க்கு இடமில்லை. சனிக்கிழமைதோறும் அதை மெஷினால் வெட்டியது நான். ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, புல் நன்றாக இருக்கிறது என்றார். வேறொரு வேலையும் இல்லாமல் பிள்ளை வீட்டில் போயிருக்கிற மனிசனுக்கு அந்த ஒரு சொல் போதும். அன்றோடு எனக்குப் புல் தெரியும் என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

டெலிபோனை வைத்ததும் மனைவி கேட்டாள். "முத்தத்திலையோ?"

"ஓம், முத்தத்திலைதான். கூரையிலை போடேலாது."

அவள் மேற்கொண்டு கதைக்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தியவன் விடக்கூடாத பிழை அது.

எங்கள் வளவு செம்பாட்டு மண். மேலே பார்த்தால் பட்டுப்போல இருக்கும், ஒரு சாண் தோண்டினால் கல். அலவாங்கு பிடித்து நானே கிண்டிக் கல்லெடுத்தேன். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது, நாலாம் நாள் ஆள் பிடித்தேன். நீளப் பலகை ஒன்றின்மேல் ரசமட்டத்தை வைத்து முற்றத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் வரைந்துகொண்டேன். பிறகு தெற்கில் இருந்து லொறியில் புல் வந்தது. மலேசியன் புல் என்றார்கள். அப்பளம் மாதிரி சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். மலேசியாவில் உத்தியோகம் பார்த்த கிழவர்களுக்கு அங்கிருந்து எங்கள் ஊருக்குப் பென்சன் வந்த காலம் ஒன்று இருந்தது, இப்போது புல் வருகிறது என்று நான் பகிடி விட்டேன். மனைவி சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். உத்தியோக காலம் முழுக்கக் கமக்காரருக்கு அவர் சொல்லிக்கொடுத்தது, வெங்காயத்துக்குள் முளைக்கிற புல்லை எப்படி வேரோடு ஒழிப்பது என்பது. இப்போது அதே புல்லை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று எனக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் எங்கள் தெருவாசல் படலையடிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். சவம் கிடக்கிற வீட்டிலும் அவர் அப்படித்தான் நிற்பார்.

புல் பதித்து முடிந்த அன்று மனைவிக்கு நான் ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். "இனி இதுக்கு மேலை விளக்குமாறு படக்கூடாது. இலை விழுந்தால் கையாலை பொறுக்கும்."

"சரி," என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விடிய எழும்பி முற்றம் கூட்டாத வீடு வீடில்லை. தேத்தண்ணி பிந்தலாம், சாமான் வாங்கப் பிந்தலாம், முற்றம் கூட்டப் பிந்தக்கூடாது. வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் இதில் கிடையாது. எங்களைப்போல ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஈர்க்கு விளக்குமாறோடுதான் ஞாயிற்றுக்கிழமையைத் தொடங்குவார்கள். படியடியில் தொடங்கி, கையை அரைவட்டமாக வீசி வீசி, பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து படலை வரைக்கும் போக வேண்டும். கூட்டிய மண்ணில் விசிறி விசிறியாகக் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறலில் முதல் கால் வைக்கிறவனுக்கு ஒரு கூச்சம் வரும்.

மூன்றாம் கிழமை என் புல்தரையில் சொட்டை விழுந்தது. முதலில் படியடியில், பிறகு நடுவில், பிறகு படலைப் பக்கமாக. நான் குந்தியிருந்து பார்த்தேன். சொட்டைகள் எல்லாம் வில்லுப்போல வளைந்து, ஏறக்குறைய ஒரே ஆரையில் இருந்தன. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வட்டமும் வில்லும் படிப்பித்தவன் நான். கவராயம் எடுத்து வைத்ததுபோல இத்தனை வில்லுகளைக் கண்முன்னே கண்ட பிறகும் எனக்கு வந்த முடிவு, இந்த நோய்க்குக் கேத்திர கணிதம் தெரிந்திருக்கிறது என்பதுதான்.

"பூஞ்சணம், மாஸ்டர்," என்றார் போதனாசிரியர். "வட்டமாத்தான் பரவும்."

பூஞ்சணத்துக்கு மருந்தடித்தேன். சொட்டை கூடியது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்றார். வாளியில் பிடித்து வைத்து, அடுத்த நாள் ஊற்றினேன். மண் இறுகிவிட்டது என்றார். அலவாங்கால் குத்திக் குத்தித் துளை போட்டு, மணலும் எருவும் அரித்துக் கலந்து மேலே தூவினேன். பிறகு தார்ப் பீப்பா ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதை உருட்டினேன். பீப்பா போன இடம் பள்ளமானது, போகாத இடம் மேடானது. ரசமட்டக் கொப்பியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரங்களில் மகள் வீடியோவில் வந்து புல்லைக் காட்டச் சொல்வாள். எந்த மூலையில் நின்று, டெலிபோனை எவ்வளவு சரித்துப் பிடித்தால் சொட்டை தெரியாது என்று நான் படித்துக்கொண்டேன். கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவர்களுக்குக்கூட அந்த நுட்பம் தெரியாது. "வடிவா வந்திருக்கு அப்பா," என்பாள். ஆனாலும் பதிந்துவைத்த ஹோட்டல் அறையை இன்னும் விடவில்லை, எதற்கும் கிடக்கட்டும் என்பாள். மனைவி அப்போதெல்லாம் அடுப்படிக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள்.

சித்திரை வெயிலில் மலேசியாக்காரர் அரைவாசிப் பேர் செத்துப்போனார்கள். அந்த இடங்களுக்குக் கிணற்றடியில் இருந்து அறுகு தானாகவே ஓடி வந்தது. தண்ணீர் கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை. நான் வெட்கத்தை விட்டு அந்த அறுகையே துண்டு துண்டாக வெட்டிச் சொட்டைகளில் நட்டேன். போதனாசிரியர் ஒருநாள் பிள்ளையாருக்கென்று ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போனார். மூன்று தலைமுறை வேதக்கார வீட்டு முற்றத்தில் ஆறு மாதம் பாடுபட்டுக் கடைசியில் பிள்ளையாருக்கு அறுகு வளர்த்தவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அறுகிலும் சொட்டை விழுந்தது. அதே இடம், அதே வில்லு.

ஆடி பிறந்துவிட்டது. மகள் வர ஒரு மாதமும் இல்லை. "இது பூஞ்சணமில்லை மாஸ்டர், புழு," என்றார் போதனாசிரியர். "வேரைத் தின்னுற புழு. வெயிலுக்கு உள்ளுக்குப் போயிடும். விடியமுன்னம்தான் மேலை வரும். டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, கையும் களவுமாப் பிடிக்கலாம்."

அடுத்த நாள் கோழி கூவ முதல் எழும்பினேன். மனைவி எப்போதும் எனக்கு முந்தி எழும்புகிறவள், அடுப்படியில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தேன். சரக் சரக் என்று ஒரு சத்தம். படியில் நின்று டோர்ச்சை அடித்தேன்.

புல்தரையின் நடுவில் மனைவி விளக்குமாறோடு குனிந்து நின்றாள். கை அரைவட்டமாக ஒரு வீச்சு வீசி, வெளிச்சத்தில் அப்படியே நின்றது.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?"

"இலை பொறுக்க வந்தனான்."

"விளக்குமாத்தாலையோ?"

அவள் கையில் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கும் தெரியாததுபோல இருந்தது. "படியடியை மட்டும் கூட்டுவம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் தொடங்குறன். பேந்து பாத்தால் படலையடியிலை நிக்கிறன். என்ரை கை என்ரை சொல்லுக் கேக்குதில்லை."

எனக்கு வந்த கோபத்தை மறைக்கவில்லை. எத்தனை மாதம்! பூஞ்சணத்துக்கு மருந்து, உப்புக்கு வாளி, முதுகுக்கு எண்ணெய். "பிள்ளை இஞ்சை படுக்கோணும் எண்டு ஆசைப்பட்டது ஆர்? நானோ? உம்மடை கையாலையே அதைக் கெடுக்கிறீரே!" என்று சத்தம் போட்டேன். எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. போதனாசிரியருக்குப் புழு எது என்று அன்றே தெரிந்திருக்கும்.

மனைவி படியில் வந்து இருந்தாள். விளக்குமாற்றைக் காலடியில் வைத்துவிட்டு, "நாங்கள் திரும்பி வந்த அண்டைக்கு வீட்டைத் தாண்டிப் போனனாங்கள், ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. சண்டைக் காலத்தில் போகக்கூடாது என்று ஆமி மறித்துவைத்திருந்த ஊருக்குள் பல வருடத்துக்குப் பிறகு விட்டபோது, எங்கள் தெருவில் நடந்து எங்கள் வீட்டையே தாண்டிப் போய்விட்டோம். நெஞ்சளவு புல். வீடு எது, வளவு எது, கிணறு எது என்று தெரியவில்லை. மனைவி புல்லுக்குள் இறங்கி, குனிந்து, கையால் தடவித் தடவி இந்தப் படியைக் கண்டுபிடித்தாள். நான் கூரைக்குத் தகரம் தேடி ஓடித்திரிந்த நாட்களில், அவள் ஒரு மாதத்துக்கு மேல் தனியாக இருந்து அந்தப் புல்லைப் பிடுங்கினாள். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது. கடைசிப் புல்லைப் பிடுங்கிய அடுத்த நாள் காலையில்தான் முதன்முதலாக முற்றம் கூட்டினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை, காய்ச்சலிலும் விடவில்லை.

"கூட்டின முத்தத்தைப் பாத்தால்தான் நாங்கள் வீட்டிலை இருக்கிறம் எண்டு எனக்கு நம்பிக்கை வரும்," என்றாள். "புல்லைக் கண்டால் ஆருமில்லாத வீடு மாதிரிக் கிடக்குது. நீங்கள் அதுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி வளக்கிறியள். பிள்ளை வரோணும் எண்டதாலை நான் வாய் திறக்கேல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் இருந்து என் மனதில் மிஞ்சியது கூரைதான். அவளுக்கு மிஞ்சியது புல் என்பது அதே வீட்டில் இத்தனை வருடம் கூடவே இருந்த எனக்குத் தோன்றவில்லை. மண்ணை மட்டம் பார்க்கத் தெரிந்த மனிசன்!

அன்று பகல் கயிறு கட்டி முற்றத்தைப் பிரித்தோம். படியில் இருந்து படலை வரைக்கும் அகலமாக ஒரு பாகம் அவளுக்கு. அதில் இருந்த புல்லை நானே வெட்டித் தூக்கினேன். மிச்சம், மாமரத்துப் பக்கமாக ஒரு செவ்வகம், புல்லுக்கு. கயிற்றைத் தாண்டமாட்டேன் என்றாள். பழக்கத்தில் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று தானே யோசித்து, தன் பக்கத்தை முடித்ததும் விளக்குமாற்றை என்னிடம் கொண்டுவந்து தந்துவிடுவாள். தினமும் காலையில் தேத்தண்ணிக்கு முதல் ஒரு விளக்குமாற்றைப் பொறுப்பேற்பது எனது உத்தியோகமானது. ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த முதல் பதவி. மூன்று கிழமையில் அந்தச் செவ்வகம் உண்மையிலேயே பச்சை பிடித்தது.

மகள் வந்தாள். வான் படலையடியில் நின்றது, பெட்டிகள் எல்லாம் மேலே கட்டியபடியே இருந்தன. ஹோட்டல் அறை இன்னும் கையில் இருந்தது. அவள் இறங்கி, புல்லைப் பார்த்து, "அப்பா!" என்று கத்தினாள். ஆறு மாதப் பாட்டுக்கும் அது போதும் என்று நினைத்தேன். பேத்தியின் சப்பாத்தைக் கழற்றி, டெலிபோனைப் படத்துக்குத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் புல்லில் இறக்கினாள்.

பிள்ளை இரண்டு காலையும் மடக்கி மேலே தூக்கியது.

மறுபடி இறக்கினாள். மறுபடியும் தூக்கியது. மூன்றாம் முறை பாதத்தில் அறுகின் நுனி பட்டதும் வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. லண்டனில் எப்போதும் சப்பாத்தோடுதான் புல்லில் விட்டவர்களாம், புல் குத்தும் என்று இப்போதுதான் தெரிகிறதாம். போதனாசிரியர் தன் படலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று தலையை ஆட்டினார்.

மனைவி வந்து பிள்ளையை வாங்கினாள். காலையில் கூட்டிய மண்ணில், கீறல் கலையாத ஒரு இடமாகப் பார்த்து இருத்தினாள். அழுகை நின்றது. பிள்ளை மண்ணைத் தட்டிப் பார்த்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தது. பிறகு வாயில் போட்டது.

"அம்மா! மண் தின்னுறாள்!"

"நீயும் திண்டனி," என்றாள் மனைவி.

பின்னேரம் வான்காரர் படலையில் வந்து நின்று, சாமானை இறக்குவதா, ரவுனுக்குப் போவதா என்று கேட்டார். பிள்ளை வாயைச் சுற்றிச் சிவப்பு மண்ணோடு மனைவியின் தோளில் நித்திரையாகியிருந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அசையக்கூட இல்லை. மகள் தாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள். "இறக்குங்கோ," என்றாள். நான் முகத்தைத் துடைக்கக் கிணற்றடிக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு கிழமையும் அந்தக் கட்டில் கசங்கியது. நாலாம் நாளே பேத்தி புல்லோடு சமாதானமாகிவிட்டாள். ஆனால் நிற்பதற்கல்ல, பிடுங்குவதற்கு. மாமர நிழலில் ஒரு இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, சிரட்டையால் கிண்டி, அறுகைக் கை கையாகப் பிடுங்கினாள். பக்கத்தில் என் மனைவி இருந்து, "வேரோடை பிடுங்கோணும், குஞ்சு," என்று சொல்லிக்கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டம் போடவில்லை.

அவர்கள் போன அடுத்த நாள், சுளகளவு வெறும் மண்ணாகக் கிடந்த அந்த இடத்தைக் கண்டேன். இப்போது எனக்குச் சொட்டைக்கு எல்லா வைத்தியமும் தெரியும். மணலும் எருவும் கலந்து, கிணற்றடியில் அறுகு வெட்டிக்கொண்டு போய்க் குந்தினேன்.

"அதை விடுங்கோ," என்றாள் மனைவி, படியில் நின்று. "பிள்ளை இருந்த இடம்."

இப்போது காலையில் கயிற்றைத் தாண்டிப் போய் அந்தச் சுளகளவு இடத்தை மட்டும் கூட்டிவிட்டுத்தான் விளக்குமாற்றை என்னிடம் தருகிறாள். மாரி மழை தொடங்கியதும் அறுகு நாலு பக்கமும் இருந்து அதை மூட ஓடி வருகிறது. புல்லை எப்படியாவது மூடப் பண்ண ஆறு மாதம் பாடுபட்ட நான், கிழமைக்கு ஒருதரம் கத்தரிக்கோலோடு குந்தியிருந்து அது மூடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு மகள் வீடியோவில் வந்தாள். டெலிபோனைச் சரித்துப் பிடிக்க மறந்துவிட்டேன்.

"அப்பா, உதென்ன நடுவிலை சொட்டை? இன்னும் சரிவரேல்லையோ?"

"தெரியேல்லை பிள்ளை. பூஞ்சணமாக்கும்."

பக்கத்தில் நின்ற மனைவி டெலிபோனை எட்டிப் பார்க்காமலே சொன்னாள்: "வந்து பாத்தால்தான் தெரியும் எண்டு சொல்லுங்கோ."